புகார் முடியும் வரை

ஆஸ்டோரியா, ஓரிகன்
1991 அக்டோபர் 21

அன்புள்ள அண்ணி தைமிக்கு,

சைமா எழுதுகிறேன். அங்கே நீங்களும் உங்கள் தங்கை ஹில்யாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்கள் காதில் விழாது என்பதால் பேனாவை எடுத்தேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆர்வித் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான். வசந்தத்திலேயே வந்துவிட்டான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். ஏழு வருடமாகப் பெற்ற தாயான உங்களோடு ஒரு வார்த்தை பேசாதவனுக்கு நானும் சத்தியம் செய்து கொடுத்துத் தொலைத்தேன். இப்போது அதை நான் உடைக்கும்படி அவனே செய்துவிட்டான்.

கலிபோர்னியாவில் கூரை வேலை கற்றுக்கொண்டு வந்து, இங்கே உரிமமும் வாங்கி, வண்டியின் பக்கவாட்டில் ‘கொர்ப்பி கூரை வேலை’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். செத்துப்போன என் அண்ணனின் குடும்பப் பெயர் தெருவில் ஓடுவதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக் கூரையை அவனிடமே கொடுத்தேன். ஆகஸ்டில் போட்டு முடித்தான். இம்மாதம் முதல் புயல் வந்த அன்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நேராகக் கோப்பைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் விழுந்தது.

கூப்பிட்டேன். வந்தான். புகைபோக்கியைச் சுற்றித் தாரை அப்பினான். போனான். அடுத்த மழைக்குப் படுக்கையறையும் ஒழுகியது. மறுபடி கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வாரென்டனில் அவன் தங்கியிருக்கும் டிரெய்லர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடுகிறது. கதவு திறக்கவில்லை.

ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கொடுக்கும் அரசு வாரியத்துக்கு அவன் மேல் புகார் எழுதிப் போட்டுவிட்டேன். இதை வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹில்யாவுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்,
சைமா


ஹான்காக், மிச்சிகன்
1991 நவம்பர் 2

அன்புள்ள சைமாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குளிர் ஏறவிடாதே.

‘திரும்பி வந்திருக்கிறான்’ என்ற வரியைத் தாண்டி அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள் காலையில்தான் உன் கூரை ஒழுகும் இடத்துக்கே வந்து சேர்ந்தேன். மன்னித்துக்கொள்.

எந்த ஊரில் இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். நான் எழுதிய கடிதங்களெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. பிறகு முகவரியும் இல்லாமல் போயிற்று. எப்படி இருக்கிறான், சைமா? இளைத்துவிட்டானா? உன் அண்ணன் ஒன்னிக்கு அந்த வயதிலேயே முன்மண்டை வழுக்கை விழுந்தது. அவனுக்கும் அப்படியா? கூட யாராவது இருக்கிறார்களா? யார் சமைத்துப் போடுகிறார்கள்? மேலே ஏறும்போது கயிறு கட்டிக்கொள்கிறானா? அதை மட்டுமாவது கேட்டு எழுது.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாதா? சொந்த அத்தையே அரசாங்கத்துக்கு எழுதினால் அவன் மனசு என்ன பாடுபடும்? உரிமம் போய்விட்டால் மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவான். இந்தத் தடவை எந்தத் திசை என்று யாருக்கும் தெரியாது.

பதில் போடு. தாமதிக்காதே.

தைமி


ஆஸ்டோரியா
1991 டிசம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். இருமல் கொஞ்சம் இருக்கிறது, ஈரவீட்டில் இருந்தால் வரத்தானே செய்யும்.

கூரை ஒழுகுகிறது என்று நான் எழுதினால், நீங்கள் அவன் தலை வழுக்கையா என்று கேட்கிறீர்கள். இல்லை. முடி நிறைய இருக்கிறது, வெட்டத்தான் ஆள் இல்லை. இளைத்திருக்கிறான். தனியாகத்தான் இருக்கிறான்.

புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். வேற்று ஆளாக இருந்தால் சனியன் ஒழியட்டும் என்று விட்டிருப்பேன். அண்ணன் பெயரை வண்டியில் எழுதிக்கொண்டு இப்படி வேலை செய்கிறவனை என்னால் விட முடியாது.

போன வாரம் வாரியத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். டெலானி என்று ஓர் அம்மாள். குட்டையான உருவம், மஞ்சள் மழைக்கோட்டு. நாங்கள் இரண்டு பேரும் அவர் முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. வராவிட்டால் உரிமத்துக்கு ஆபத்து என்பதால் ஆர்வித் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. டெலானி அம்மாள் கிடுகிடுவென்று ஏணியில் ஏறினார். இவனும் பின்னாலேயே ஏறினான். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தகரம் எங்க, மிஸ்டர் கொர்ப்பி?”

“எந்தத் தகரம்?”

“புகைபோக்கியும் கூரையும் சேர்ற இடத்துல மடிச்சுச் செருகணுமே, அந்தத் தகரம்.”

“தார் போட்டிருக்கேன். கலிபோர்னியாவுல நான் போட்ட ஒரு கூரைகூட ஒழுகினதில்ல.”

“அங்க மழை பெஞ்சாத்தானே ஒழுகறதுக்கு?”

நான் சிரித்துவிட்டேன். அவனுக்கும் சிரிப்பு வந்தது, அண்ணி. அண்ணன் அடக்குவாரே, கீழுதட்டைக் கடித்து, அதே மாதிரி அடக்கினான்.

பிறகு சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். உளுத்துப்போன பழைய மர ஓடுகளின் மேலேயே புது ஓடுகளை அடித்திருக்கிறான் என்பதும் வெளியே வந்தது. “கூட வந்த ஆளு பாதியில ஓடிட்டான். மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு அவசரம்” என்றான். டெலானி அம்மாள் திட்டவில்லை. “அவசரத்துல போட்டதுக்கு நிதானமா ஒரு வழி சொல்லுங்க” என்றார். பிப்ரவரி முடிவதற்குள், மழை விட்ட நாளாகப் பார்த்து, அவனே பிரித்துச் சரியாகப் போட வேண்டும், போடாவிட்டால் உரிமம் நிறுத்தப்படும் என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

நான் காப்பியும் இனிப்பு ரொட்டியும் வைத்தேன். ஒரு துண்டு எடுத்துக் கடித்தான். “ஏலக்காய் கம்மி” என்றான்.

“யாரோட ரொட்டியோட ஒப்பிட்டுப் பாக்கறே?” என்று கேட்டேன்.

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கிறிஸ்துமஸ் நன்றாக நடக்கட்டும்.

சைமா


ஹான்காக்
1991 டிசம்பர் 27

அன்புள்ள சைமாவுக்கு,

இருமலை அலட்சியப்படுத்தாதே. இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரை வந்துவிட்டது. வெளியே போக வழியில்லை. உன் கடிதத்தையே எடுத்து எடுத்துப் படிக்கிறேன். ஏலக்காய் கம்மி என்றானா? அப்படியே சொன்னானா? எந்தத் துண்டை எடுத்தான்? சின்ன வயதில் ஓரத்துண்டுக்குத்தான் அடம் பிடிப்பான்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு ரொட்டி போட்டேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் யார் தின்பது என்று ஹில்யா சத்தம் போட்டாள். எனக்குத்தான் கேட்காதே. போட்டுவிட்டேன்.

நான் ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டாயே? பிப்ரவரிக்குள் என்று ஏன் ஒத்துக்கொண்டாய்? கோடை வரை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? புகார் இருக்கும்வரை அவன் உன் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். கூரை சரியாகிப் புகார் முடிந்துவிட்டால் எதற்கு வருவான்? பிறகு நீ எனக்கு என்ன எழுதுவாய்? ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளேன்.

அநியாயமான கேள்வி என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் எழுதியதை அடித்துவிட மனம் வரவில்லை.

புத்தாண்டு உனக்கு நல்லதாகப் பிறக்கட்டும்.

தைமி


ஆஸ்டோரியா
1992 பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இத்தனை நாள் தள்ளிப்போனதற்குக் கோபிக்காதீர்கள். வீட்டில் வேலை அதிகம். நலமாகத்தான் இருக்கிறேன்.

கூரையின் மேல் பக்கத்து வீட்டுக்காரர் தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்கிறார். டெலானி அம்மாளுக்கு எழுதினேன். தவணையைக் கோடை வரை நீட்டித்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டபடியே ஆயிற்று.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்து எதுவும் உள்ளே இறங்காத நாளில் ப்ளூபெர்ரிப் பழத்தைக் காய்ச்சி ஒரு கஞ்சி செய்வீர்களே, அதில் உருளைக்கிழங்கு மாவை முதலில் கரைக்க வேண்டுமா, கடைசியிலா? எனக்குக் கட்டிதட்டிப் போகிறது. சும்மாதான் கேட்கிறேன்.

வேறு விசேஷமில்லை.

சைமா


ஹான்காக்
1992 பிப்ரவரி 19

சைமாவுக்கு,

மாவைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாகக் கரைத்துக்கொள். பழம் வெந்து, அடுப்பிலிருந்து இறக்குவதற்குச் சற்று முன்னால், கிளறிக்கொண்டே ஊற்று. கொதிக்கவிடாதே.

இப்போது நீ சொல். யாருக்குக் கஞ்சி? ஹில்யாவைவிட்டு உனக்குப் போன் போடச் சொன்னேன். எல்லோரும் சுகம் என்று சொல்லி வைத்துவிட்டாயாம். சுகமாக இருப்பவர்களுக்கு அந்தக் கஞ்சி எதற்கு? உனக்குப் ப்ளூபெர்ரி பிடிக்காது. எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் ஒரே சமையலறையில் நின்றவள் நான்.

அவன் உன் வீட்டில் படுத்திருக்கிறான். என்ன ஆயிற்று?

பூசி மெழுகாமல் எழுது. அழுதுவிடுவேன் என்று பார்க்காதே. அதற்கு நான் இங்கே தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தைமி


ஆஸ்டோரியா
1992 மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது. பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு என் சமையலைக் குறை சொல்கிறான்.

ஜனவரி நடுவில் ஒருநாள் மழையில்லாமல் விடிந்தது. நான் கூப்பிடவில்லை, வாரியமும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்தான். தகரத்தை அழகாக வெட்டி மடித்துக் கொண்டுவந்திருந்தான். “முடிச்சுடறேன் அத்தை, உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி” என்றான். கூரையில் உறைபனி மினுமினுத்தது. வெயில் வரட்டும்டா என்றேன். கேட்கவில்லை. நான் காப்பி வைக்க உள்ளே வந்தேன். மேலேயிருந்து ஏதோ சரியும் சத்தம். பிறகு ஜன்னலுக்கு வெளியே அவன் போனதைப் பார்த்தேன்.

கயிறு கட்டிக்கொள்கிறானா என்று கேட்டிருந்தீர்கள். கட்டவில்லை.

வலது தொடை எலும்பு முறிந்து, விலா இரண்டு விரிசல். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அந்த நாட்களில் நான் உங்களுக்கு என்னவென்று எழுதுவது? புகார் எழுதிய அதே கையால் அதை எழுத எனக்கு வரவில்லை.

நீங்கள் சொன்னபடி கஞ்சி வைத்தேன். இரண்டாம் கிண்ணம் கேட்டான். குடித்து முடித்து, “இது நீங்களா செஞ்சது இல்ல” என்றான். ஆமாம், உன் அம்மாவைக் கேட்டுச் செய்தேன், அவருக்கு எல்லாம் எழுதப் போகிறேன் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“எழுதிக்கோங்க. ஆனா அம்மா இங்க வந்தாங்கன்னா இந்தக் கட்டோட எந்திரிச்சுப் போயிடுவேன். வெளயாட்டுக்குச் சொல்லல அத்தை.”

“அப்படி என்னடா கோபம்?”

“அப்பா செத்த மாசமே அவரோட படக வித்தாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. படகுத்துறைக்கு வந்து பாக்கறேன், கட்டியிருந்த எடம் காலி. நான் வேற எதையும் கத்துக்கல அத்தை. ஆத்துல வல போடறது ஒண்ணுதான் தெரியும்.”

எனக்கும் காரணம் தெரியாதே. நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. விற்றீர்கள், ஹான்காக்குக்குப் போனீர்கள்.

வராதீர்கள் அண்ணி. இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இப்போது வராதீர்கள்.

சைமா


ஹான்காக்
1992 மே 4

அன்புள்ள சைமாவுக்கு,

உன் முழங்கால் எப்படி? அவன் கால் எப்படி? நீ மாதம் இரண்டு தடவை அனுப்பிய அட்டைகள் வந்தன. கட்டு அவிழ்த்தார்கள், கைத்தடியோடு நடக்கிறான் என்பதையெல்லாம் படித்தேன். நான் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே பஸ் டிக்கெட் வாங்கினேன். நீ வராதே என்றாய், பெட்டி கட்டினேன். நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. டிரைவர் என் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கட்டோடு எழுந்து போவேன் என்று சொன்னால் அவன் போவான். என் வயிற்றில் பிறந்தவன், எனக்குத் தெரியும். பஸ் போனபிறகு அங்கேயே வெகுநேரம் இருந்துவிட்டு வந்தேன்.

படகைப் பற்றி உனக்குச் சொல்கிறேன். அவனிடம் சொல் என்று கேட்கவில்லை.

ஒன்னி முகத்துவாரத்தில் விழுந்துபோன அன்று, இன்ஜின் ஓடிக்கொண்டே படகு மட்டும் தனியாகத் திரும்பியது. உனக்குத் தெரிந்ததுதான். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நான் படகுத்துறைக்குப் போனேன். மழைத் தூறல். படகில் ஒன்னி நின்றுகொண்டிருந்தார். அவருடைய பழைய மழைக்கோட்டு, அந்த முதுகு, வலையை இழுக்கும் அந்தச் சாய்வு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தது ஆர்வித்.

அவனுக்கு அது ஒன்றுமில்லை. சிரித்துக் கையசைத்தான். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. அந்த வாரமே படகை எதிர்க்கரை ஆளுக்கு விற்றுவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்பான், அதனால் கேட்கவில்லை. தண்ணீரிலிருந்து இழுத்துவிட்டோம், இனிப் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கூரைமேல் ஏறுவான் என்று யார் கண்டது?

நீ நன்றாக இரு. அவனைப் பார்த்துக்கொள்கிறாய். அதற்கு நான் என்ன சொல்ல?

தைமி


ஆஸ்டோரியா
1992 ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கூரை வேலை முடிந்தது. இந்தத் தடவை புகைபோக்கியில் கயிற்றைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். பழைய ஓடுகளையெல்லாம் பிரித்துப் போட்டு, உளுத்த பலகைகளை மாற்றி, தகரம் செருகி, ஒரு வாரம் பொறுமையாகச் செய்தான். நான் ஏணியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கொடுப்பதும் திட்டுவதும் என் வேலை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கீழேயிருந்தே சொன்னேன். நீங்கள் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். படகுத்துறை, தூறல், மழைக்கோட்டு எல்லாவற்றையும். சுத்தியல் சத்தம் நின்றது. முகம் எனக்குத் தெரியவில்லை. “ஆணி டப்பாவக் குடுங்க” என்றான். கொடுத்தேன். மறுபடி அடிக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் இறங்கி வந்து கையைக் கழுவும்போதுதான் வாயைத் திறந்தான்.

“அந்தக் கோட்டு எனக்கு ரொம்பப் பெருசு அத்தை. தோள் தொங்கும். கை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருப்பேன். அம்மாவுக்கு அது தெரியலையா?”

“தூரத்திலேர்ந்து பாத்தா தெரியாதுடா.”

“கிட்ட வந்து பாத்திருக்கலாம்ல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அண்ணி. குழந்தை சொல்வது போலச் சொன்னான்.

டெலானி அம்மாள் வந்து ஏறிப் பார்த்தார். “இதப் பாத்தா அதே ஆளு போட்டதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க, மிஸ்டர் கொர்ப்பி” என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். புகார் முடிந்தது. உரிமம் அவனிடமே இருக்கிறது. அன்றிரவே நல்ல மழை. ஒரு சொட்டு இறங்கவில்லை.

மறுநாள் சாமான்களை வண்டியில் ஏற்றினான். போகும் முன் உங்கள் போன் நம்பரைக் கேட்டான். அம்மாவுக்குக் காது கேட்காதே என்றேன். “சத்தமாப் பேசறேன்” என்றான். “இல்லடா, முழுக்கப் போயிடுச்சு. நீ போன மறுவருஷமே” என்றேன். அவனுக்கு அது தெரியாது. வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கிளப்பவே இல்லை. நான் உள்ளே வந்து பாத்திரம் கழுவி முடிக்கும்வரை வண்டி அங்கேயே நின்றது. பிறகு கண்ணாடியை இறக்கி, “அட்ரஸ் குடுங்க” என்றான்.

நீங்கள் அன்றைக்கு எழுதியது சரிதான். வாசல் வெறிச்சென்று இருக்கிறது.

சைமா


வாரென்டன், ஓரிகன்
1992 ஜூலை 12

அம்மா,

ஆர்வித் எழுதுகிறேன். நீ சுகமா? எனக்கு எலும்பு சேர்ந்துவிட்டது. படி ஏறும்போது மட்டும் வலிக்கும். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இது மூன்றாவது தாள்.

உன் காது இப்படி ஆனது எனக்குத் தெரியாது.

உங்கள் ஊரில் பனி அதிகம் என்று அத்தை சொன்னார். அப்படிப்பட்ட ஊரில் கூரை ஓரத்தில் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். மேலே உருகும் தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் ஏறி வீட்டுக்குள் இறங்கும். நீ இருக்கும் வீடு எப்படி? ஒழுகுகிறதா?

அந்த மாநிலத்து உரிமம் என்னிடம் இல்லை. டெலானி அம்மாளிடம் கேட்டேன். “பெத்தவ வீட்டுல காசு வாங்காம ஆணி அடிச்சா எந்த வாரியமும் வந்து கேக்காது” என்றார்.

அக்டோபரில் இங்கே மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வேலை இருக்காது. உங்கள் பக்கம் பனி விழுவதற்கு முன்னால் வரலாம். ஒழுகினால் எழுது.

ஆர்வித்


ஹான்காக்
1992 ஜூலை 20

அன்புள்ள சைமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இப்படி இருந்து எத்தனையோ காலமாகிறது. உன் முழங்காலைக்கூடக் கேட்க மறந்து எழுதுகிறேன் பார்.

அவன் கடிதம் வந்துவிட்டது. கையெழுத்து மாறவே இல்லை, வரி போகப் போக மேலே ஏறுகிறது. தலையணைக்கு அடியில் வைத்தேன், கசங்கும் என்று எடுத்துவிட்டேன். இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் ரவிக்கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

வீடு ஒழுகுகிறதா என்று கேட்டிருக்கிறான். ஒழுகினால் வருவானாம்.

சைமா, இந்த வீட்டுக்கு ஹில்யாவின் கணவர் இரும்புத் தகட்டுக் கூரை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை பனி விழுந்தாலும் வழுக்கிக் கீழே போய்விடும். நான் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. ஹில்யா கடிதத்தைப் படித்துவிட்டு, நான் உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “நல்லா இருக்குன்னு எழுதிடு. பாவம், புள்ளைக்கு அலைச்சல் மிச்சம்.”

“உனக்கு மூளை இருக்காடி?” என்றேன்.

எழுதிவிட்டேன். ஒழுகுகிறது, எல்லா அறையிலும் ஒழுகுகிறது, சீக்கிரம் வா என்று எழுதித் தபாலிலும் போட்டுவிட்டேன். ஹில்யா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வந்ததும் எங்கே என்று கேட்பான். ஏணியைப் போட்டு ஏறுவான். நீ ஒரு குளிர்காலம் முழுக்க ஒழுகும் வீட்டில் குடியிருந்தவள், உனக்குத்தான் தெரியும். கூரை எந்த இடத்தில் ஒழுகினால் சரிசெய்ய அதிக நாள் ஆகும்? உடனே எழுது.

தைமி